புல்கெண்டைக்குப் பல், ஜிலேபிக்கு அமிலம்

புல்கெண்டை வளரும் குளத்தின் கரையில் காலையில் நின்றால், மீன் கண்ணில் படுவதற்கு முன் அதன் எச்சம் படும். முந்தின நாள் நறுக்கிப் போட்ட கம்பு நேப்பியர் புல், பச்சை மாறாமல், நார் நாராகத் தண்ணீரில் மிதக்கும். விரலில் வைத்து நசுக்கினால் புல் வாசம்கூடப் போயிருக்காது. தின்றதில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் இதே மீனின் குடலில் செல்லுலோஸை உடைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அப்படியானால் அவை அங்கே என்ன வேலை பார்க்கின்றன?

ஜிலேபிக் கெண்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் தெளிகிறது. இரண்டுமே வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்தவை. ஜிலேபி 1952இல், புல்கெண்டை 1959இல். சாந்திநிகேதனின் விசுவபாரதி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டின் குடலையும் சேர்த்தே ஆராய்ந்தது. செல்லுலேஸ் நொதியைச் சுரக்கும் பாக்டீரியா இரண்டிலும் கிடைத்தது. ஜிலேபியில் பேசில்லஸ் சர்குலான்ஸ், புல்கெண்டையில் பேசில்லஸ் மெகடீரியம்.

இதைக் கண்டறியும் முறை எளியது, பார்க்கவும் அழகானது. செல்லுலோஸ் கலந்த கூழ்த்தட்டில் குடல் சாற்றைத் தடவி வளரவிட்டு, மேலே காங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றி, உப்பு நீரால் கழுவ வேண்டும். தட்டு முழுவதும் சிவந்திருக்கும். நொதி சுரந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிர் மஞ்சள் வளையம் விரியும். வளையம் பெரிதாக இருந்தால் நொதியும் வலுவானது என்று கணக்கு. அந்த வளையத்தைப் பார்த்தவுடன் ‘மீன் புல்லைச் செரிக்கிறது’ என்று முடிவுகட்டுவதுதான் தவறு. தட்டில் பாக்டீரியாவுக்கு நாள்கணக்கில் நேரம் இருக்கிறது. குடலில் அது இல்லை.

புல்கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. குடலும் உடல் நீளத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்குதான். புல் தின்னும் பிராணிக்கு இது குட்டை. வேலை முழுக்கத் தொண்டைப்பற்களில் நடக்கிறது. ரம்பம் போன்ற அந்தப் பற்கள் இலையைக் கிழித்து அரைக்கும். கிழிந்த செல்லிலிருந்து வடியும் சாறுதான் மீனின் உணவு. கிழியாத செல் அப்படியே போய்விடும். மாடு தின்ற வைக்கோல் அதன் வயிற்றில் இரண்டு நாள்கூடக் கிடந்து நொதிக்கும். வெயில் காலத்துக் குளத்தில் புல்கெண்டை தின்ற புல்லோ அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

ஜிலேபி இனத்தின் வழி வேறு. உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் ஜிலேபியின் உறவான நைல் திலாப்பியாவை ஆராய்ந்த மோரியார்ட்டி, அதன் இரைப்பையில் பி.எச். 1.4 வரை இறங்குவதை 1973இல் எழுதினார். நீலப்பச்சைப் பாசியின் சுவரை அந்த அமிலம் உடைக்கிறது. ஆனால் மீன் தின்னத் தொடங்கிய பிறகுதான் அமிலம் ஊறுகிறது. அதனால் காலையில் விழுங்கிய முதல் பாசி பச்சையாகவே குடலுக்குள் போகும். நேரம் ஏற ஏற வருவது பழுப்பாக இருக்கும். ஒரே நாளின் கதை ஒரே குடலில் நிறமாற்றமாகக் கிடக்கிறது! உடல் நீளத்தோடு ஒப்பிட்டால், அந்தக் குடலும் புல்கெண்டையினுடையதைவிடப் பல மடங்கு நீளம்.

இந்த அமிலம் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. ஜிலேபியில் பேசில்லஸ் கிடைத்ததற்கு அதன் கெட்டியான வித்துறை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்த உறையோடு அமிலத்தைத் தாண்டிவிட முடியும். புல்கெண்டையிலோ அப்படியொரு காவல் இல்லை. புல்லோடும் தண்ணீரோடும் எது வருகிறதோ அது நேரே குடலுக்குப் போகிறது.

அதற்காகப் பாக்டீரியாவின் பங்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தபோது புல்கெண்டைக் குடலில் செல்லுலேஸ் குறைந்ததை 1991இலேயே காட்டியிருக்கிறார்கள். நொதியின் ஒரு பகுதியாவது பாக்டீரியா தந்ததுதான். நொதி இருக்கிறது, நேரம்தான் இல்லை. செரிமான பாக்டீரியா என்று பொட்டலம் வாங்கிக் குளத்தில் கொட்டும் விவசாயிகளிடம் இந்த வேறுபாட்டை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கொட்டுவது கடன் வாங்கிய காசு.

அந்த நேரத்தை மீனுக்கு வெளியே கொடுக்கலாம். சாதா கெண்டையின் குடலிலிருந்து எடுத்த ஒரு பேசில்லஸை, லெம்னா என்ற மிதக்கும் நீர்த்தாவரத்தின் இலைத்தூளில் விட்டு நொதிக்க வைத்த ஆய்வு 2002இல் வந்தது. நார்ச்சத்து 11 சதவீதத்திலிருந்து 7.5 ஆகவும், டானின் 1 சதவீதத்திலிருந்து 0.02 ஆகவும் இறங்கின. பச்சைத் தூளை ரோகு குஞ்சுகளின் தீவனத்தில் 10 சதவீதம் வரைதான் சேர்க்க முடிந்தது. நொதித்த தூளை 30 சதவீதம் வரை சேர்க்க முடிந்தது.