சோனகத் தெருக் கதவு: கலரா, கறுப்பு வெள்ளையா?

நாங்கள் எடுத்த பழைய கதவுப் படத்தைப் பார்த்த சிலர், "கறுப்பு வெள்ளையில் இன்னும் வடிவாய் இருந்திருக்கும்" என்றார்கள். உண்மைதான். மரத்தின் வெடிப்பும் சுவரில் சன்னம் பட்ட காயமும் அதில் துலக்கமாகத் தெரியும். 1981இல் எரிந்த யாழ் நூலகத்தைக்கூட நாங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

ஆனால் கறுப்பு வெள்ளையில் துருவின் சிவப்பும் பாசியின் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். நூறு வருசப் பழசு, தானாக உக்கிப்போனது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அந்தக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கும் பச்சைப் பெயின்ற் பெருநாளுக்கு அடித்தது. 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில், நாங்கள் விட்டுப்போன கதவு அது. 2002இல் பாதை திறந்து புத்தளத்திலிருந்து பார்க்க வந்தபோது கூரை இல்லை; அறைக்குள் மரம் நின்றது. அது முதுமை அல்ல, பன்னிரண்டு வருசம் ஆளில்லாமல் கிடந்த கோலம். அந்த வித்தியாசத்தைக் கலர்தான் சொல்கிறது.

பிள்ளைகளே, போனில் முதலில் கலரில் எடுங்கள். அதைப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கலாம். கறுப்பு வெள்ளையில் போன நிறத்தை அப்படியே திரும்ப எடுக்க ஏலாது. யார் வீடு, எந்த ஒழுங்கை, எடுத்த திகதி என்ன என்று கீழே எழுதி அனுப்புங்கள்.