முகவரி பெற்ற பறவைகள்

கல்கத்தாவின் தலைமை நீதிபதியாக இருந்த எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளைப் படமாக வரைய பாட்னாவிலிருந்து மூன்று ஓவியர்களை அமர்த்தினார். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரும் 1777 தொடங்கிச் சில ஆண்டுகள், இங்கிலாந்திலிருந்து தருவித்த வாட்மேன் காகிதத்தில் இறகு இறகாக வரைந்தார்கள். யாருடைய சேகரிப்பு, வரைந்தவர் யார், எந்த ஆண்டு என்ற குறிப்பு படத்தோடு இருக்கும். பறவை எங்கே பிடிபட்டது என்பது பொதுவாக அந்தக் குறிப்பில் இராது. லண்டனில் ஜான் லேதம் அந்தப் படங்களைப் பார்த்தே சில பறவைகளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கொல்கத்தாவின் பறவை நோக்கு என்பது பறவைக்கு ஊர் பேர் தேடிக் கொடுத்த கதை என்றே நான் படிக்கிறேன். அந்தத் தேடலில் காட்டைவிடப் பெரிய பங்கு சந்தைக்கும் தோட்டத்துக்கும் உண்டு.

சந்தை என்றால் கல்கத்தாவில் பறவைகள் விற்ற திரட்டா பஜார். 1841-இல் ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக வந்த எட்வர்ட் பிளைத், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் நகரத்திலேயே இருந்துகொண்டு இந்தியப் பறவையியலுக்கு அடித்தளம் போட்டார். மற்றவர்கள் அனுப்பிய தோல்களும் பஜாரில் விலைக்கு வந்த பறவைகளும் அவருக்குப் போதுமாயின. இன்று உலகில் எங்குமே தட்டுப்படாத இளஞ்சிவப்புத் தலை வாத்துகூட அக்காலத்தில் கல்கத்தா சந்தைக்கு வந்ததுதான். கூண்டுப் பறவை ஒரு சான்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வலைக்காரனும் வியாபாரியும் கைமாற்றியதில் பிறந்த இடம் தொலைந்திருக்கும். ஆனால் இனங்களைப் பிரித்தறியும் கண்ணை அந்தக் கூண்டுகளே பழக்கின. அதன்பின் அந்தக் கண் தோட்டத்தின் பக்கம் திரும்பியது. இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் ஃபின் 1901-இல் கல்கத்தாப் பறவைகளைப் பற்றியே தனி நூல் எழுதினார். இது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் சத்யசரண் லாஹாவை மறந்துவிடுகிறார்கள். அவர் 1923-இல் வங்காளத்தின் வளர்ப்புப் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். வங்க மொழியிலும் பறவைகளைப் பற்றி நிறைய எழுதினார்.

பூங்காவே மனிதன் செய்த பொருள், அதில் கண்ட பறவைக்கு என்ன மதிப்பு என்பது இன்னொரு மறுப்பு. இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் ஏரி, 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வெட்டியது என்பது உண்மை. கூண்டிலிருந்து தப்பிய பறவையும் அங்கே வந்து உட்காரக்கூடும் என்பதும் உண்மை. சந்தையின் நிழல் இன்னும் பூங்காவை விட்டுப் போகவில்லை. ஆனால் வலசை போகும் பறவை மரத்தை நட்டவர் யார் என்று கேட்டுவிட்டா இறங்குகிறது? தவிர, சிறிய இடத்தை ஆண்டு தவறாமல் பார்ப்பவருக்குத்தான் வழக்கமான பறவை எது, வழி தவறி வந்தது எது என்று தெரியும்.

கொல்கத்தாவை அடுத்த நரேந்திரபூரின் கயால் பாகானைப் பாருங்கள். சுமார் 17 ஏக்கர் பழைய பழத்தோட்டம். 1982-இல் சரணாலயமாகி, பிறகு சிற்பி சிந்தாமணி கர் பெயரைப் பெற்றது. அத்தகைய சிறிய இடத்தின் மதிப்பை ஒரு குருவியின் கதை காட்டுகிறது. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியை 1867-இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பறவையியலாளர் ஹியூம் ஒரே ஒரு முறை பிடித்தார். அதன்பின் 2006-இல் தாய்லாந்தில் ஒன்று வலையில் சிக்கும்வரை அந்த இனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாமல் இருந்தது. அடுத்த ஆண்டு நரேந்திரபூரில் எடுத்த ஒரு படத்தில் இருப்பதும் அதுவே என்று கருதுகிறார்கள். பிளைத் 1849-இல் பெயரிட்ட நாணல் கதிர்க்குருவி அச்சாக இதைப் போலவே இருக்கும். கையில் பிடித்து அலகையும் சிறகையும் அளக்காமல் படத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இம்பே சேகரிப்பின் படங்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எந்தத் தோட்டம், எந்த நாள் என்று சரிபார்க்கலாம். பிறகு இந்த இனம் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் கூடு கட்டுவதும் தெரியவந்தது. அங்கிருந்து தாய்லாந்துக்குப் போகும் பறவைக்கு வங்காளம் அப்படியொன்றும் சுற்று வழி அல்ல.