கோழிகளின் குடற்புழு நீக்கம் – வரலாறு

கோழியின் குடலில் வாழும் புழுக்களுள் இரண்டு முக்கியமானவை. சிறுகுடலில் காணப்படும் அஸ்காரிடியா என்னும் உருண்டைப்புழு ஏறத்தாழ 10 செ.மீ. வரை வளரும். குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராகிஸ், 1 செ.மீ. அளவே உள்ள மெல்லிய வெண்புழு. இரண்டையும் பவேரிய இயற்கையியலாளர் ஷ்ராங்க் 1788-இல் விவரித்தார். உருண்டைப்புழு மிகுந்தால் கோழி மெலியும், முட்டை குறையும், சில வேளை குடலே அடைபடும். அரிதாக அது முட்டைக்குழாய்க்குள் ஏறி, இடும் முட்டைக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. சிறிய புழுவால் கோழிக்குப் பெரிய கேடில்லை. ஆனால் ஆய்வாளர்களை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

வான்கோழிகளின் சாவு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ரோட் தீவில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இறந்தவற்றின் கல்லீரலில் வட்ட வட்டமான புண்கள் இருந்தன. தலை கறுக்கும் என்று கருதி இதற்குக் 'கருந்தலை நோய்' எனப் பெயரிட்டனர். உண்மையில் பல பறவைகளுக்குத் தலை கறுப்பதே இல்லை. 1895-இல் தியோபால்ட் சுமித் நோய்க்குக் காரணமான ஓரணு உயிரியைக் கண்டறிந்தார். அதற்கு ஹிஸ்டோமோனாஸ் என்ற பேரினப் பெயரை 1920-இல் டைசர் இட்டார்.

எச்சத்தோடு வெளியேறும் இவ்வுயிரி சில மணி நேரத்தில் இறந்துவிடும். அப்படியிருந்தும், கோழிகள் மேய்ந்த நிலத்தில் நெடுநாள் கழித்து விடப்பட்ட வான்கோழிகளும் மாண்டன. 1920-இல் கிரேபிலும் சுமித்தும், கரு வளர்ந்த ஹெட்டராகிஸ் முட்டைகளை வான்கோழிகளுக்குத் தின்னக் கொடுத்து அந்நோயை உண்டாக்கிக் காட்டினர். ஓரணு உயிரி புழுவின் முட்டைக்குள் ஒளிந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது! மண்புழுக்களும் அம்முட்டைகளைச் சுமப்பது பின்னர் தெரியவந்தது. கோழியையும் வான்கோழியையும் ஒரே முற்றத்தில் வளர்க்கலாகாது என்ற அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

மருந்துகள்

1920-களில் புகையிலைத் தூளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தனர். அதிலுள்ள நிக்கோட்டினே மருந்து. நாடாப்புழுவுக்கு, இந்தியக் காடுகளில் வளரும் மரமொன்றின் கனிமேல் படியும் சிவந்த கபிலப்பொடி அமெரிக்கப் பண்ணைகள்வரை சென்றது. புழு விழுந்தது, கூடவே முட்டையும் குறைந்தது. முட்டைக்காகவே கோழி வளர்ப்பவருக்கு இது பாதி மருந்துதான். அடுத்து வந்த பீனோதயசின் ஹெட்டராகிஸை நன்கு அகற்றியது. 1950-களில் பரவிய பிப்பரசின், முன்னர் மனிதரின் கீல்வாதத்துக்குத் தரப்பட்ட பொருள். அது உருண்டைப்புழுவைச் செயலிழக்கச் செய்ய, எச்சத்தோடு புழு வெளியேறும். இளம் புழுக்களை அது அவ்வளவாகத் தாக்காததால் சில வாரங்களில் மீண்டும் கொடுக்க வேண்டும்.

கூண்டும் முற்றமும்

எச்சம் கீழே விழுந்துவிடும் கம்பிக் கூண்டு, எந்த மருந்தையும்விடப் புழுக்களை ஒடுக்கியது. புழுமுட்டை மண்ணிலோ கூளத்திலோ சுமார் இரண்டு வாரம் முதிர்ந்தால்தான் தொற்றும். கூண்டில் அதற்கு வாய்ப்பே குறைவு. கோழி அடைந்த துன்பம் வேறு கணக்கு. அதனைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய வகைக் கூண்டுகளைத் தடைசெய்தது. கோழிகள் மீண்டும் தரைக்கு வந்தன, புழுக்களும் திரும்பின.

புறக்கடை வளர்ப்பில் இன்று எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் புழுமுட்டை இருந்தால் மருந்து கொடுப்பதும், மேய்ச்சல் நிலத்தை மாற்றுவதும், கூளத்தை ஈரமின்றி வைப்பதும், குஞ்சுகளைத் தாய்க்கோழிகளிடமிருந்து பிரித்து வளர்ப்பதும் சேர்ந்தே கையாளப்படுகின்றன. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.