பாம்புக் கற்றாழைக்குத் தண்ணீர் எவ்வளவு?
பாம்புக் கற்றாழையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் ஊரில் நார் எடுக்கும் மருளும் இதே இனம்தான். தடித்த இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்துக்கொள்வதால், மண் நன்றாகக் காய்ந்த பிறகு 2, 3 வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் இன்னும் குறைக்கலாம். இந்தச் செடி வறட்சியில் சாவதைவிட, தினமும் ஊற்றும் தண்ணீரில் அழுகிச் சாவதே அதிகம். இலையின் அடிப்பாகம் கொழகொழத்தால் செடியைப் பிடுங்கி, அழுகியதை வெட்டி எறிந்து, நிழலில் உலர்த்தி, செம்மண்ணும் மணலும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடவும்.

இலையைத் துண்டாக்கி நட்டும் பெருக்கலாம். ஆனால் மஞ்சள் ஓரமுள்ள ரகத்தில் அப்படி வரும் கன்று வெறும் பச்சையாகிவிடும். நாற்றங்காலில் விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பக்கக் கன்றைக் கிழங்கோடு பிரித்தே நட வேண்டும். நாய், பூனை தின்றால் வாந்தி எடுக்கும், எட்டாத இடத்தில் வைக்கவும்.