பிசினூட்டிச் சுடுதல்: ஒரு சூத்திரமும் உரையும்

வெங்காயச் சந்தைக்கும் கார் ஆலைகளுக்கும் பேர்போன, புனே அருகிலுள்ள சாகணில், 2015 பிப்ரவரியில் ஜிஇ நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. லீப் விமான எஞ்சினுக்கான பாகங்கள் அங்கே தயாராகின்றன. அதே எஞ்சினின் கொதிக்கும் வயிற்றில், டர்பைன் இறகுகளைச் சூழ்ந்த வளையம் மட்டும் இழை பொதிந்த செராமிக். அது வருவது அமெரிக்காவிலிருந்து. அவ்வகைச் செராமிக்கைச் செய்யும் வழிகளில் ஒன்றை ஒரு வரியில் அடக்கிப் பார்த்தேன்:

இழைநெய்து, பூசி, பிசினூட்டி, வளியறச் சுட்டு, நிறைவரை மீள்க.

இழைநெய்து: தலைமுடியினும் மெல்லிய சிலிக்கான் கார்பைடு இழை. வெறும் செராமிக் பீங்கான் கோப்பை போல ஒரே கீறலில் உடையும். இழை அக்கீறலை மறிக்கும். இழைக்கும் தாய், கீழே வரும் பிசினைப் போன்ற ஒரு பாலிமரே. 1975இல் ஜப்பானில் செய்ஷி யாஜிமா குழுவினர் பாலிகார்போசிலேன் என்னும் அந்தப் பாலிமரை நூலாக இழுத்துச் சுட்டு இந்த இழையைக் கண்டனர்.

பூசி: படிப்பவர் தாண்டிப் போகும் சொல். கார்பனோ போரான் நைட்ரைடோ மிக மெல்லிய படலமாக இழைமேல் ஏறுகிறது. ஒட்டுவதற்கன்று, ஒட்டாதிருப்பதற்கு! இறுக ஒட்டினால் கீறல் இழையையும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

பிசினூட்டி: மரப்பிசின் அன்று, சிலிக்கானும் கார்பனும் கோத்த திரவ பாலிமர். இழையால் நெய்த துண்டிலுள்ள காற்றை உறிஞ்சியபின் ஊட்டுவர்.

வளியறச் சுட்டு: காற்று புகாத உலையில், ஆர்கானிலோ நைட்ரஜனிலோ, 1000 டிகிரி செல்சியஸ் அளவில். ஹைட்ரஜனும் மீத்தேனும் வெளியேற, மிஞ்சுவது செராமிக். அவசரப்பட்டுச் சூடேற்றினால் அந்த வாயுவே துண்டைப் பிளந்துவிடும்.

நிறைவரை மீள்க: சூத்திரத்தின் உயிர் இதில். 100 கிராம் பிசினில் 70 கிராம் தங்குகிறது என்று கொள்வோம். அதன் அடர்த்தியோ 1இலிருந்து 2.5 ஆகிறது. ஆகவே ஊட்டிய இடத்தில் 28 சதவீதமே நிரம்பும், மற்றது மறுபடி வெற்றிடம். துண்டில் 60 சதவீத வெற்றிடத்தோடு தொடங்கினால், ஆறாவது சூட்டுக்குப் பிறகும் 8 சதவீதம் மிஞ்சும். காகிதக் கணக்கு இது. உலையில் துளைகளின் வாய் அடைபட்டுப் பிசின் உள்ளே போகாத தொல்லை வேறு. செலவெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான்.

இந்தப் பொறுமை வேண்டாமென்றே லீப் வளையத்துக்கு உருக்கிய சிலிக்கானை ஊட்டுகிறார்கள். துளை ஒரே தடவையில் அடைபடும். ஆனால் வினைபடாமல் மிஞ்சும் சிலிக்கான் 1414 டிகிரியில் உருகிவிடும். பிசின்வழிச் செராமிக்கில் அந்த மிச்சம் இல்லை.