பயாஸ் அப்டேட்: கை வைக்கலாமா, வேண்டாமா?

பி.காம் படிக்கிறவனுக்கு மதர்போர்டு எதுக்குன்னு கேட்காதீங்க. கணக்கு வழக்கும் உள்ளே வருது :-)

"நல்லா ஓடுற மிஷினோட பயாஸ்ல கை வைக்காதே." எங்க மேச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணன்கள் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். காரணம் இருக்கு. மதர்போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பில்தான் பயாஸ் இருக்கிறது. அதை மாற்றி எழுதும்போது கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் மணிக்கணக்காக மின்வெட்டு. மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்தில் இருந்தென்ன, நமக்கும் அதே பயம்தான்! அதற்கும் முன்னால், 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல நாடுகளில் பயாஸையே அழித்து, பயாஸ் என்றாலே ஒரு கிலியை உண்டாக்கிவிட்டது.

சரி, பிராசஸரிலேயே கோளாறு என்றால்? 1994-இல் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பென்டியம் சிப் வகுத்தலில் தப்பு செய்வதைக் கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரணும், வந்ததோ 1.33373. சாதாரண ஆளுக்கு 27,000 வருஷத்துக்கு ஒருமுறைதான் இப்படி வரும் என்றது இன்டெல். யாரும் ஏற்கவில்லை. டிசம்பரில், கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. கணக்கில் எழுதிய செலவு 47.5 கோடி டாலர்! அந்தத் தப்பு சிலிக்கானிலேயே இருந்ததால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. 1995-இல் வந்த பென்டியம் புரோவில்தான் மைக்ரோகோடைப் பிறகும் திருத்தும் வசதி வந்தது. திருத்தம் சிப்பில் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பயாஸ் அதை ஏற்றும். பயாஸ் அப்டேட்டுக்கும் பிராசஸருக்கும் உள்ள உறவு இதுதான்.

இந்த வசதியின் அருமை 2024-இல் தெரிந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் கேம்கள் நின்றுபோயின. திரையில் வந்ததோ வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி. பாவம், கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டவர்கள் எத்தனை பேரோ! உண்மையில் சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, உள்ளே இருக்கும் ஒரு சர்க்யூட் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு அந்த வோல்டேஜை 1.55-க்குள் கட்டிப்போட்டது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் என்று அடுத்தடுத்து வந்தன.

ஆனால் ஏற்கனவே தேய்ந்த சிப்பை அப்டேட் சரிசெய்யாது. இதை இன்டெலே சொல்லிவிட்டது. பழைய விதி இங்கேதான் தலைகீழாகிறது. பென்டியத்தின் தப்பு அப்படியே இருந்தது, வளரவில்லை. இது தினமும் வளரும். "பிரச்சினை வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றால், வரும்போது சிப்பின் ஆயுள் போயிருக்கும். ஒரு பக்கம் பத்து நிமிட ரிஸ்க், இன்னொரு பக்கம் முழு பிராசஸரின் விலை. என் கணக்கில், இந்தச் சிப்கள் வைத்திருப்பவர்கள் உடனே அப்டேட் செய்யணும். மற்றவர்கள் பழைய விதிப்படியே இருக்கலாம்.

யுபிஎஸ் இல்லாமல் மட்டும் ஆரம்பிக்காதீங்க. மதர்போர்டின் சரியான மாடல், ரிவிஷன் இரண்டையும் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே ஃபைலை எடுங்க. முடிந்ததும் பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். முன்னாடியே போட்டோ எடுத்து வைங்க. அப்புறமும் கேம் நின்றால் பில்லைத் தேடுங்க. இந்தச் சிப்களில் பாதிக்கப்பட்ட பாக்ஸ் மாடல்களுக்கு வாரண்டியை இன்டெல் 3-லிருந்து 5 வருஷமாக நீட்டியிருக்கிறது.