கடுகண்ணாவை வளைவில்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மதுரையிலிருந்து சென்ற நாயக்கர் வழியினர் ஆண்ட கண்டியையும் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கொழும்பில் ஒரு தனியார் பேருந்தில் ஏறினோம். மாவனல்லை தாண்டி மலையேறத் தொடங்கியதும் ஓட்டுநர் வளைவுக்கு வளைவு லாரிகளை முந்தலானார். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். பூவராகரை வேண்டியபடி கம்பியைப் பற்றியிருந்தோம். பிக்குகளுக்கென ஒதுக்கிய முன்னிருக்கையில் ஒரு பிக்கு நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

கடுகண்ணாவையில், சாலைக்காகக் குடைந்த பாறை தென்பட்டது. மலையைத் துளைத்து வழி வரும்வரை கண்டியை அன்னியர் வெல்ல முடியாதென்று ஒரு நம்பிக்கை அங்கு இருந்ததாகச் சொல்வர். நடந்தது வேறு. கண்டி 1815இலேயே ஆங்கிலேயர் வசமாயிற்று; மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறைவைக்கப்பட்டார். 1818இல் கிளர்ச்சியை அடக்கிய பிறகுதான், படைகள் விரைந்து செல்ல ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இச்சாலையை அமைத்தார். வெல்வதற்கன்று, வென்றதைக் கைவிடாமலிருக்கவே பாறை குடையப்பட்டது. அதற்கு 'ராஜகாரியம்' என்னும் கட்டாய ஊழியத்தில் குடிமக்கள் பிடிக்கப்பட்டனர்.

மலைமேல் நிற்கும் கோபுரம், சாலையமைத்த பொறியாளர் கேப்டன் டாசனின் நினைவாக 1832இல் எழுந்தது. வேலூரில் மன்னர் மறைந்ததும் அதே ஆண்டுதான். பாறை வெட்டியவர்களுக்குக் கோபுரம் ஏதும் இல்லை.

கண்டியில் இறங்கியபோது கால்கள் நடுங்கின. திரும்புகையில் ரயிலேறினோம். 1867இல் கண்டியை எட்டிய அந்தப் பாதையும் கடுகண்ணாவை வழியாகத்தான் இறங்குகிறது. இம்முறை ஜன்னலோரம் அமர்ந்து பள்ளத்தைப் பார்க்க முடிந்தது.